தோட்டப் பாடசாலையும் தொழிலாளர் குடும்பமும்: அன்றாட நடைமுறைகளின் சமூக வரலாறு

இலங்கையின் கல்வி வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆணைக்குழுக்களையும் கட்டளைச் சட்டங்களையும் பயிற்றுமொழிப் பிரச்சினையையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரு பிள்ளையை முதலாந் தரத்திற் சேர்ப்பதற்குத் தாய் எந்தப் பத்திரத்தைக் கொண்டு செல்லவேண்டும், பாடசாலை எத்தனை மணிக்குத் தொடங்குகின்றது, வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே இடாப்பில் என்ன குறிக்கப்படுகின்றது, பெற்றாரை அழைக்கும் கடிதம் யார் கைவழியே வீடு சேருகின்றது என்பன போன்ற வினாக்கள் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. ஆயினும், அரசும் சாதாரண குடும்பமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இத்தகைய சிறு நடைமுறைகளே என்பது மனங்கொள்ளத்தக்கது. சட்டத்தின் வாசகத்திற் புலப்படாத வர்க்க உறவுகள் பல இவற்றினூடே தெளிவாகப் புலப்படுவதுண்டு. இவ்வுண்மையை மலையகப் பெருந்தோட்டங்களின் ஆரம்பப் பாடசாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பை அரசோ தோட்ட உடைமையாளரோ ஏற்கவில்லை. 1854ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்க் கூலி மிசன் போன்ற சமய நிறுவனங்களின் முயற்சிகள் ஒருபுறமும், கங்காணியின் வாசலிலோ லயத்தின் ஓர் அறையிலோ நடந்த திண்ணைப் பள்ளிகள் மறுபுறமுமாகவே அக்காலக் கல்வி அமைந்திருந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டு உதவி நன்கொடை முறை விரிவடைந்தபோதும், அதன் பயன் தோட்டங்களை மிகக் குறைவாகவே எட்டியது. தோட்டத்திற்குத் தேவைப்பட்டவை கொழுந்து பறிக்கும் கைகளேயன்றி எழுதும் கைகளல்ல என்ற பொருளாதார நியாயமே இதன் அடிப்படையாகும்.

ஆரம்பக் கல்வி பற்றி ஆராய்ந்த வேஸ் ஆணைக்குழுவின் 1905ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வரையான வயதுடைய தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று அது விதித்தது. தகுதியுள்ள ஆசிரியரை நியமித்தல், பொருத்தமான பாடசாலை அறையை ஒதுக்கிப் பேணுதல் ஆகியனவும் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டன. மேலோட்டமாக நோக்கின் இஃது ஒரு முற்போக்கான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் இரண்டு அம்சங்கள் கூர்ந்து நோக்கற்பாலன.

முதலாவது, தோட்டத்தைப் பொறுத்தவரை சட்டம் விளித்துப் பேசியது தோட்டத் துரையையே. தந்தைக்குக் கூலி வழங்குபவரே பிள்ளையின் பாடசாலைக்கும் அதிபதியானார். ஆசிரியரை நியமித்தவரும் அவர். வேண்டாதபோது விலக்கக்கூடியவரும் அவர். ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதோடு தோட்டத்தின் எழுத்து வேலைகளுக்கு உதவுபவராகவும், தொழிலாளருக்குக் கடிதம் வாசித்துச் சொல்பவராகவும் இருக்க நேர்ந்தது. இந்நிலையில் பெற்றார் பாடசாலை குறித்து ஒரு குறையைக் கூறுவதென்பது, தமக்கு வேலை கொடுப்பவரிடம் அவரைப் பற்றியே முறையிடுவதாக முடிந்தது.

இரண்டாவது, வயதெல்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலி (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டம் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்ததோடு, ஆண், பெண், பிள்ளை என மூவகையினருக்கும் வெவ்வேறு கூலி நிர்ணயத்துக்கு வழிசெய்தது. இவ்விரு சட்டங்களையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது உண்மை தெளிவாகின்றது: பாடசாலைக்குரிய வயது எங்கு முடிகின்றதோ அங்கே கூலிக்குரிய வயது தொடங்குகின்றது. பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து செக்றோலுக்கு மாறுவதற்கு இடைவெளியே இருக்கவில்லை. ஆரம்பப் பாடசாலை அடுத்த கல்விப் படிக்கான வாயிலாகவன்றி, உழைப்புக்கு முந்திய காத்திருப்புக் கூடமாகவே கருதப்பட்டதென்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பாடசாலையின் நாளாந்த ஒழுங்கும் தோட்டத்தின் நேரக் கணக்குக்கு உட்பட்டதாகவே இருந்தது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து மலைக்குச் செல்லும் தாயால் பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லுதல் இயலாது. கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவிற் சேர்க்கப்படாதவிடத்து, அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுந்தது. வரவு இடாப்பிற் 'சமுகமளிக்கவில்லை' எனக் குறிக்கப்பட்ட அப்பிள்ளை, உண்மையில் வேறோரிடத்தில் ஊதியமற்ற உழைப்பில் ஈடுபட்டிருந்தாள். பெற்றாருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று தோட்ட நிர்வாகத்தினர் கூறிவந்த குற்றச்சாட்டு இப்பின்னணியிலேயே மதிப்பிடப்படவேண்டும். கண்டியில் 1923இல் நியமனம் பெற்ற இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகளில் தோட்டப் பாடசாலைகளின் நிலை தொடர்ந்து பதிவு செய்யப்பட்டு வந்தது. ஆயினும் பதிவுகள் பெருகியமையால் மட்டும் நிலைமை மாறிவிடவில்லை.

1945 ஒக்ரோபர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் இந்நாட்டின் சமூக வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும் என்பதில் ஐயமில்லை. கிராமத்து ஏழைப் பிள்ளைகள் பலர் மத்திய கல்லூரிகளின் வழியே பல்கலைக்கழகத்தை எட்டினர். ஆனால் கட்டணம் இல்லாமையே கல்விக்குப் போதுமான நிபந்தனை என்ற கருத்து தோட்டப் பாடசாலையைப் பொறுத்தவரை பொய்த்துப்போயிற்று. அங்கு பெரும்பாலும் ஐந்தாந் தரத்திற்கு மேல் வகுப்புகளே இருக்கவில்லை. இல்லாத வகுப்பு இலவசமாயினும் பயனில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொணர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அவ்வட்டத்திற்கு வெளியிலேயே விடப்பட்டன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களையடுத்துத் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து இப்பாடசாலைகளை அரசு கட்டங் கட்டமாகப் பொறுப்பேற்றது. ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடும்போது ஒரு முழுத் தலைமுறையின் தாமதம் இது.

இப்பொறுப்பேற்பு பாடசாலைக்கும் குடும்பத்துக்குமுள்ள உறவைப் பண்புரீதியாக மாற்றியது. ஆசிரியர் தோட்டத்தின் ஊழியர் என்ற நிலை நீங்கி அரசாங்க ஊழியரானார். 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் விநியோகமும், 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் துணி விநியோகமும் லயத்துப் பிள்ளைகளையும் எட்டின. சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. துரையின் கட்டளைக்குப் பதிலாகக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலைக்கு வந்தது. 1997இல் வெளியிடப்பட்டு 1998 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் கல்வியைக் கட்டாயமாக்கின; 2016இல் மேலெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பொறுப்பு இவ்விதிகளிற் பெற்றாருக்குரியதாயிற்று.

எனினும் சுற்றுநிருபத்துக்கும் ஒரு முன்முடிவு உண்டு. பிறப்புப் பதிவு, நிலையான முகவரி, வாக்காளர் இடாப்பிற் பெயர், காணியுறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியன கொண்ட ஒரு குடும்பத்தையே அது தன் மனக்கண்ணில் வைத்து எழுதப்படுகின்றது. தோட்டத்துக் குடும்பத்தின் வரலாறோ இவை ஒவ்வொன்றும் மறுக்கப்பட்ட வரலாறாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பங்கிட்டது. கப்பலேறும் நாள் குறிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்கு எந்த ஆண்டும் கல்வியாண்டாக நிலைக்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவு காண முயன்றது.

முதலாந் தர அனுமதி இதற்குத் தக்க சான்றாகும். விண்ணப்பங்கள் மிகுந்த பாடசாலைகளுக்கு 2010களில் வெளியான அனுமதிச் சுற்றுநிருபங்கள், அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 50 இடங்களை ஒதுக்கின. வதிவை நிறுவ வாக்காளர் இடாப்பிற் பதிவும் வீட்டுரிமை ஆவணங்களும் புள்ளிகளாகக் கணிக்கப்பட்டன. விதி அனைவருக்கும் பொதுவானதே. ஆனால் நான்கு தலைமுறையாக ஒரே லய அறையில் வசித்த குடும்பத்துக்கு அவ்வறையின் உறுதி இல்லை. அது தோட்டத்தின் சொத்து. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இன்மையாற் கடிதங்களும் தோட்டக் காரியாலயத்தின் ஊடாகவே வந்து சேர்ந்தன. அண்மைக் காலத்தில் ஒரு பகுதியினர் தனிவீடும் காணியும் பெற்றுள்ளபோதிலும், லயத்தில் வாழும் குடும்பம் நகரப் பாடசாலையின் வாயிலில் ஆவணமற்றதாகவே நிற்கின்றது. பாரபட்சம் காட்டும் நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும், பாரபட்சமான விளைவை நடைமுறை தானே உற்பத்தி செய்கின்றது.

பிறப்புச் சான்றிதழ் பற்றியும் இவ்வாறே கூறலாம். தோட்டத்தில் நிகழும் பிறப்பைப் பதிவுக்கு அறிவிப்பதும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தினூடாகவே நடைபெற்றது. அங்கு நேர்ந்த ஒரு கவனயீனம், ஐந்தாண்டுகளின் பின்னர் பாடசாலை அதிபரின் மேசையிற் பெற்றாரின் குற்றமாக உருமாறுகின்றது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பினும் அதனைத் திருத்த ஒரு நாட் கூலியை இழக்கவேண்டும். பெற்றார் கூட்டம் வேலைநாளிற் கூடுமாயின் வருகின்ற தாய்க்கு அரைப்பேரேனும் போய்விடும். மாதச் சம்பளம் பெறும் பெற்றாருக்குச் சிறு அசௌகரியமாக உள்ள அழைப்பு, நாட்கூலிக் குடும்பத்துக்கு ஒரு தண்டமாகின்றது.

இவற்றைச் சுட்டுவது நடைமுறைகளே வேண்டா என்று வாதிடுவதற்கன்று. இடாப்பும் சான்றிதழும் இன்றிப் பொதுக் கல்வி இயங்கமுடியாது. துரையின் விருப்பு வெறுப்பிலிருந்து பிள்ளையைக் காத்ததும் எழுதப்பட்ட விதியே என்பதையும் மறத்தலாகாது. ஆனால் விதியின் சமத்துவம் வேறு, வாழ்நிலையின் சமத்துவம் வேறு. பத்திரம் இல்லை என்பதற்காக எப்பிள்ளைக்கும் அனுமதி மறுக்கப்படலாகாது. அப்பத்திரத்தைப் பெற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பாடசாலையும் பிரதேச நிர்வாகமும் ஏற்கவேண்டும். கூட்டங்களின் நாளும் நேரமும் பெற்றாரின் வேலை நேரத்தைக் கருதியே குறிக்கப்படவேண்டும். 1907இல் துரையின் மேசைக்குச் சென்ற பாடசாலைக் கடிதம் இன்று பெற்றாரின் பெயருக்கே எழுதப்படுகின்றது. அதனை எழுதுவோர், பெறுபவரின் வரலாற்றை அறிந்து எழுதும்போதுதான் இலவசக் கல்வி என்ற கோட்பாடு லயத்து வாசலையும் முழுமையாக எட்டியதாகும்.