ஒட்டோ வெடிகென்

ஒட்டோ வெடிகென் (செப்டம்பர் 15, 1882 - மார்ச் 18, 1915) முதலாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தளபதி ஆவார். ஒரே காலையில் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்த இவர், அடுத்த ஆறு மாதங்களுக்குள் தாமும் கடலில் மாண்டார்.

தொடக்கம்

வெஸ்ட்பாலியாவிலுள்ள ஹெர்போர்டு நகரில் பிறந்த வெடிகென் 1901 இல் கடற்படையில் சேர்ந்தார். 1911 இல் யூ-9 நீர்மூழ்கியின் தளபதியானார். மண்ணெண்ணெயில் இயங்கிய அக்கப்பல் மேற்பரப்பில் செல்லும்போது வெளிவிடும் புகையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். நீருக்கடியில் இருந்தவாறே டார்பீடோக் குழாய்களில் மீண்டும் குண்டேற்றும் பயிற்சியை இதன் மாலுமிகள் 1914 சூலையில் மேற்கொண்டனர். இப்பயிற்சி விரைவிலேயே பயன்பட்டது.

மூன்று கப்பல்கள்

1914 செப்டம்பர் 22 அன்று ஆபுகீர், ஹோக், கிரெசி ஆகிய பழைய குரூசர்கள் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் காவலில் இருந்தன. அவற்றின் மாலுமிகளுள் பெரும்பாலோர் சேமப்படையினர். பதின்ம வயதுப் பயிற்சி மாணவர்களும் இருந்தனர். கடுமையான வானிலையால் துணைக்குச் செல்லும் நாசகாரிக் கப்பல்கள் விலகியிருந்தன. இக்குரூசர்கள் ஆபத்தில் இருப்பதை உணர்ந்த கடற்படையினர் சிலர் முன்பே அவற்றை "உயிருள்ள இரை" என அழைத்து வந்தனர்.

காலை ஆறரை மணியளவில் வெடிகெனின் முதல் டார்பீடோ ஆபுகீரைத் தாக்கியது. கண்ணிவெடியில் சிக்கியதாகக் கருதிய அதன் தளபதி, மற்ற இரண்டையும் உதவிக்கு நெருங்கி வருமாறு பணித்தார். இதுவே பேரிழப்புக்குக் காரணமாயிற்று. நீரில் தத்தளித்தோரை மீட்பதற்காக நின்ற ஹோக் அடுத்து மூழ்கியது. பின்னர் கிரெசியும் மூழ்கியது. ஒன்றரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. யூ-9 தன்னிடமிருந்த ஆறு டார்பீடோக்களையும் செலவிட்டிருந்தது. 1,459 பேர் இறந்தனர். 837 பேர் மீட்கப்பட்டனர். மீட்டவற்றுள் டச்சு வணிகக் கப்பல்களும் அடங்கும். அதுவரை நீர்மூழ்கிகளைப் பொருட்படுத்தாத பிரித்தானியக் கடற்படை, இதன் பின்னர் அவை உலவும் பகுதிகளில் பெரிய கப்பல்கள் மீட்புக்காக நிற்கக் கூடாது எனக் கட்டளையிட்டது.

அக்டோபர் 15 அன்று ஹாக் என்ற குரூசரையும் வெடிகென் மூழ்கடித்தார். அதில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவருக்குப் பிரசியாவின் உயரிய இராணுவ விருதான பூர் லெ மெரீட் வழங்கப்பட்டது.

மறைவு

1915 பெப்ரவரியில் புதிய நீர்மூழ்கியான யூ-29 இன் தளபதியானார். மார்ச் 18 அன்று ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் நெப்டியூன் என்ற போர்க்கப்பலின் மீது டார்பீடோ ஏவியபின், யூ-29 எதிர்பாராமல் டிரெட்நாட் போர்க்கப்பலின் முன்னே மேலெழுந்தது. டிரெட்நாட் துரத்திச் சென்று அதன்மீது மோதியது. நீர்மூழ்கியின் முன்பகுதி நீருக்கு மேலே எழுந்தபோது அதன் எண் தெளிவாகத் தெரிந்தது. எவரும் உயிர்தப்பவில்லை.

போர்க்கப்பல் வடிவமைப்பையே மாற்றியமைத்த டிரெட்நாட், தன் பணிக்காலம் முழுவதிலும் மூழ்கடித்த ஒரே எதிரிக்கப்பல் இதுவே. 1935 இல் கார்ல் டோனிட்சின் தலைமையில் அமைக்கப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கி அணிக்கு வெடிகெனின் பெயர் சூட்டப்பட்டது.