பெரிய பூட்டு கழன்ற கதை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், துவாக்குடியை ஒட்டி என்.ஐ.டி. இருக்கிறது. 2022 மே 25 அன்று அங்கே ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. இதை ஒற்றைச் செயலி செய்துவிட முடியாது. பல செயலிகள் பங்குபோட வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரும்பாடு.

அந்தப் பெரும்பாட்டின் கதை 1991-இல் இரண்டு ஊர்களில் தொடங்குகிறது. புனேயில் விஜய் பட்கர் தலைமையிலான சி-டாக் நிறுவனம் ‘பரம் 8000’ சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கியது. அதில் டிரான்ஸ்பியூட்டர் எனப்படும் 64 செயலிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். செய்தி அனுப்பிக்கொள்ளும், ஒன்றின் நினைவகத்தில் மற்றது கைவைக்காது. தனிக்குடித்தனம் என்பதால் சண்டை இல்லை.

அதே ஆண்டு ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தன் 386 கணினிக்காக லினக்ஸை எழுதினார். அந்தக் கணினியில் ஒரே செயலி. முக்கியமான வேலை நடக்கும்போது குறுக்கீடுகளை நிறுத்திவைத்தால் போதும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வேறு எவரும் நுழைய முடியாது. இன்னொரு செயலியைச் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே நினைவகத்தைக் கொடுத்தால்தான் வினை. நினைவகத்தில் 5 என்ற எண் இருக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் அதைப் படித்து, ஒன்றைக் கூட்டி, ஆளுக்கொரு 6-ஐ எழுதிவைக்கின்றன. வரவேண்டியதோ 7.

1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0 இதற்கு முரட்டு வைத்தியம் செய்தது. ஆலன் காக்ஸ் முன்நின்ற அந்த வேலையில், கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதி, உடையவர் சந்நிதி, சக்கரத்தாழ்வார் சந்நிதி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி இருந்தால் என்ன ஆகும்? அதை வைத்திருப்பவர் வரும்வரை மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது செயலியும் அப்படித்தான் நின்றது.

அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பூட்டு வந்தது. படிப்பவர்கள் பூட்டே இல்லாமல் படிக்கலாம் என்ற ஆர்.சி.யு. முறை 2002-இல் சேர்ந்தது. அதில் ஐ.பி.எம்.மின் பால் மெக்கென்னியோடு தீபங்கர் சர்மாவும் உழைத்தார்.

ஆனால் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் நேரம் ஆகும்; ஒற்றைச் செயலிக்கு அது தண்டச் செலவு. எனவே லினக்ஸ் விநியோகஸ்தர்கள், பூட்டு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு கர்னல்கள் தந்தார்கள். தவறானதை நிறுவினால் இரண்டாவது செயலி சும்மா கிடக்கும். 2006-இல் அதற்கும் வழி பிறந்தது: கணினி எழும்போதே கர்னல் செயலிகளை எண்ணிப் பார்க்கும், ஒன்றுதான் என்றால் பூட்டுக்குரிய கட்டளைகளைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். பழைய பெரிய பூட்டு 2011-இல் முழுதாகக் கழன்றது.

பரம் பொருளில் புனே வழி, ஹெல்சிங்கி வழி இரண்டும் சேர்ந்துவிட்டன. அதன் ஒவ்வொரு கணுவும் ஒரு தனிக் கணினி; அதற்குள் பல கோர்கள், அதாவது செயலிகள், ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. அங்கே லினக்ஸின் சிறு பூட்டுகள் காவல். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே பழைய பரம் வழக்கப்படி செய்திப் போக்குவரத்து.

2025-இல் வந்த லினக்ஸ் 6.17, எந்த வேலை எந்தச் செயலிக்கு என்று பங்கிடும் பகுதியில், ஒற்றைச் செயலிக்கென்று வைத்திருந்த தனி ஏற்பாட்டை நீக்கிவிட்டது. அந்தப் பகுதியின் கணக்கில் இனி எல்லாமே பல செயலிக் கணினிகள்தான். சிலவற்றில் எண்ணிக்கை ஒன்று, அவ்வளவே.