பச்சைக் கல்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வடக்கே போனால், கூவத்துக்கு அப்பால் சூளை என்று ஒரு பேட்டை வரும். மேற்கே போனாலோ சூளைமேடு. இரண்டு பெயர்களிலும் பழைய செங்கற் சூளைகளின் புகை இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. மண்ணைச் சுட்டால்தான் வீடு என்ற நம்பிக்கை நமக்கு அவ்வளவு ஊறிப் போய்விட்டது. சுடாத மண்ணில் ஏழை எழுப்பியதை நாம் வீடு என்றே சொல்வதில்லை. குடிசை என்று சொல்லி முடித்து விடுகிறோம்.

மண் சுவருக்கு விரோதி மழை. களிமண் தண்ணீரைக் குடித்தால் பருத்து இளகும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் நனைந்த சுவர் ஐந்தாம் நாள் படுத்துவிடும். சூளையில் வெந்தால் இந்தக் குணம் போய்விடுகிறது, வாஸ்தவந்தான். ஆனால் அதற்கு எத்தனை விறகு, எத்தனை நிலக்கரி! அவ்வளவு செலவும் வீடு கட்டுகிறவன் தலையில்தான் விழுகிறது. சுடாமலே மண்ணைத் திருத்த முடியாதா?

முடியும் என்பதற்கு நம் தேசத்தில் 1948-லேயே சாட்சி கிடைத்தது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காக, வடக்கே கர்னாலில் சுமார் 4,000 வீடுகள் எழுந்தன. மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து இடித்துக் கெட்டித்த சுவர்கள் அவை. பிறகு 1950-களில், தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில், ரவுல் ராமிரெஸ் என்ற எஞ்சினியர் மண் கல் அழுத்தும் சிறு கையந்திரம் ஒன்றைச் செய்தார். அதன் பெயர் 'சின்வா-ராம்'. இந்த ராம் நம் அயோத்தி ராமன் அல்ல, ராமிரெஸின் முற்பாதி! அவன் கல்லைப் பெண்ணாக்கினான். இது மண்ணைக் கல்லாக்கிற்று. 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவினரும், 1989 முதல் புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில் மண் கட்டட நிலையத்தாரும் இந்த வித்தையை நம் பக்கத்தில் வளர்த்தார்கள்.

வித்தை ரகசியமானதல்ல. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் மண்ணும் தண்ணீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மண்ணின் ஜாதகம் தெரிந்துவிடும். களி மிகுந்தால் மணலோ சுண்ணாம்போ சேர்க்க வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்கு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு போதும். பிசுபிசுப்பு இல்லாத ஈரப் பதத்தில் யந்திரத்தில் இட்டு அழுத்தி, நாலு வாரம் நிழலில் பதப்படுத்த வேண்டும். முதலில் ஈரம் உலர விடக் கூடாது. அஸ்திவாரம் உயர்ந்து, இறவாரம் நீண்டிருந்தால் அந்தச் சுவர் நம் மழையைத் தாங்கும்.

சர்க்காருக்கு இது தெரியாதா? 1960-லேயே மண்-சிமெண்டுக் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் வெளிவந்துவிட்டது. ஆயினும் 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கிலே மண்ணும் சுடாத செங்கல்லும் தற்காலிகப் பொருள்களின் வரிசையில்தான் உட்கார்ந்தன! எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் மன்னன் கோயிலை ஒட்டி, சுடாத கல்லால் கட்டிய தானியக் களஞ்சியங்களின் வளைவுகள் 3,000 வருஷங்களுக்கு மேலாக நிற்கின்றன. அங்கே மழை அபூர்வம் என்பீர்கள். சரி; நம் ஊர் மழைக்காகத்தானே அந்த 5 பங்கு சிமெண்டு?

ஆகவே சூளை இல்லாமல் சுவர் எழுப்ப ஏழைக்கு வழி இருக்கிறது. அவனை 'மண் வீட்டுக்காரன்' என்று சொல்லிப் பெண் கொடுக்க நாம் தயங்காமல் இருந்தால், அவனும் தைரியமாகக் கட்டுவான்.