தக்காளியைத் திருத்திய தோட்டக்காரர்

வரலாறு என்றவுடன் முடிமன்னரும் போர்க்களங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், நாள்தோறும் அடுப்பேறும் காய்கறிகளுக்கும் வரலாறு உண்டு. குழம்பிலும் சொதியிலும் இரசத்திலும் இன்று நீங்கா இடம் பெற்றுள்ள தக்காளி, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ எவரும் கண்டறியாத பொருள். தக்காளி என்னும் சொல் மட்டும் தமிழில் முன்னரே வழங்கியது. வேலியோரங்களில் தானே முளைத்து, மெல்லிய உறையினுள் சிறு பழம் தாங்கும் வேறொரு செடிக்கே அப்பெயர் உரியது. கடல் கடந்து வந்த புதிய பழத்தைச் சீமைத்தக்காளி என்றனர் முன்னோர். நாளடைவில் ‘சீமை’ என்னும் அடைமொழி உதிர்ந்தது. பெயர் முழுவதும் வந்தேறிய செடிக்கே உரித்தாயிற்று.

தக்காளியின் காட்டு உறவினங்கள் தென்னமெரிக்காவின் மேற்குப் புறத்தில், பெரு, ஈக்குவடோர் முதலிய நாடுகளில் வளர்கின்றன. அவற்றுட் பலவற்றின் பழங்கள் மிகச் சிறியன. அத்தகைய செடியைப் பேணிப் பெரும் பழம் தரும் தோட்டப் பயிராக வளர்த்தெடுத்த பெருமை மெக்சிக்கோவின் பழங்குடி உழவர்களையே சாரும். 1521 ஆம் ஆண்டில் அசுத்தெக்கரின் தலைநகர் இசுப்பானியர் வசமாயிற்று. அதன்பின் அந்நாட்டு மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்த சகாகூன் என்னும் துறவி, சந்தையில் சிறியனவும் பெரியனவுமாய், மஞ்சளும் சிவப்புமாய்ப் பலவகைத் தக்காளிகள் விற்கப்பட்டதைக் குறித்துள்ளார். ஆகவே, இனம் தெரிந்து வளர்க்கும் கலை ஐரோப்பியர் வருமுன்னரே அங்குச் செழித்திருந்தது என்பது தெளிவு.

1544 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி இப்பழத்தைத் தம் நூலில் குறிப்பிட்டார். பின்னர், பொன்னிற ஆப்பிள் எனப் பொருள்படும் பெயர் அதற்கு அந்நாட்டில் வழங்கலாயிற்று. ஆயினும், ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதனால், ஐரோப்பாவின் வடபகுதியிலும் வட அமெரிக்காவிலும் பலர் அதனை உண்ண அஞ்சினர். கத்தரியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அதே குடும்பத்தினவே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வச்சம் நிலவிய காலத்தில், 1821 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர் அலெக்சாந்தர் லிவிங்ஸ்டன். சிறுவனாக இருந்தபோது அவர் சிவந்த தக்காளிகளைப் பறித்துக்கொண்டு தாயிடம் ஓடினார். பன்றிகளும் தின்ன மறுக்கும் பழம் நஞ்சாகவே இருக்கவேண்டும் என்று கூறி, உண்ணாதபடி தாய் தடுத்துவிட்டார். அச்சிறுவனே பிற்காலத்தில் ரெனால்ட்ஸ்பேர்க் என்னும் சிற்றூரில் விதை வணிகராகி, தக்காளியைத் திருத்துவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அன்றைய தக்காளி இன்றைய தக்காளியைப் போன்றதன்று. அக்காலத்துப் பழங்களிற் பெரும்பாலானவை ஆழ்ந்த வரிப்பள்ளங்களும் கோணலான உருவமும் கொண்டவை. சில உள்ளே வெறுமையாக இருக்கும். ஒரு பக்கம் பழுத்திருக்க மறுபக்கம் காயாகவே நிற்கும். வழவழப்பும் ஒரே அளவும் சதைப்பற்றும் உடைய தக்காளியை உண்டாக்க லிவிங்ஸ்டன் விரும்பினார். அதற்கு அவர் முதலிற் கைக்கொண்ட வழி, எவருக்கும் எளிதில் தோன்றும் வழியே. தோட்டத்தில் மிக அழகிய பழங்களைத் தேடிப் பறித்து, அவற்றின் விதையை மறு ஆண்டு விதைத்தார். முளைத்த செடிகளோ மீண்டும் பழைய கோணற் பழங்களையே காய்த்தன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தொடங்கிய இடத்திலேயே தாம் நிற்பதாக அவர் உணர்ந்தார்.

ஒருநாள் வயலில் நடந்து செல்கையில், மற்றவற்றினின்றும் வேறுபட்ட ஒரு செடி அவர் கண்ணிற் பட்டது. இலைகள் அடர்ந்த அச்செடியில் தொங்கிய பழங்கள் யாவும் உருண்டையாகவும் ஒன்றுபோலவும் இருந்தன. ஆனால், அவை மிகச் சிறியனவாக இருந்தமையால் சந்தைக்கு உதவா. அழகிய பெரும் பழத்தையே நாடியிருந்தால் அச்செடியை அவர் கடந்து சென்றிருப்பார். அவரோ அந்த ஒரே செடியின் விதைகளைத் தனியே எடுத்து, அடுத்த பருவத்தில் இரண்டு வரிசைகளாக நட்டார். எல்லாச் செடிகளும் தாய்ச்செடியைப் போன்றே ஒத்த பழங்களைக் காய்த்தன. பின்னர் நல்ல நிலத்தில் வளர்த்து, ஆண்டுதோறும் சிறந்த செடிகளையே தெரிந்தெடுத்து வந்ததனால், பழத்தின் பருமனும் கூடிற்று. 1870 ஆம் ஆண்டில் ‘பராகன்’ என்னும் பெயரோடு அவ்வினம் விற்பனைக்கு வந்தது. 1875 இல் ‘அக்மி’ தொடர்ந்தது. இத்துறையில் உழைத்தவர் அவர் ஒருவரே அல்லர். 1870 ஆம் ஆண்டிலேயே ‘ட்ரோபி’ என்னும் மற்றொரு நல்லினமும் வெளிவந்து, அதன் விதை ஒன்று 25 சதத்துக்கு விலைப்பட்டது. எனினும், அந்நாட்டின் தலைசிறந்த தக்காளி இனங்களுட் பாதி, தரமான இனத்தை இனங்கண்டு பேணும் லிவிங்ஸ்டன் குடும்பத்தாரின் ஆற்றலால் விளைந்தன என்று 1937 ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆண்டு நூல் பாராட்டியது.

பதினைந்து ஆண்டு உழைப்பு தராத பயனை ஒரு செடி தந்தது எவ்வாறு? ஒரு செடியின் பழங்கள் அனைத்துக்கும் தாய் ஒன்றே. ஒரு கிளையிற் பெரிய பழமும் மறு கிளையிற் சிறிய பழமும் இருப்பதற்குப் பெரும்பாலும் வெயில், நீர், பழம் நிற்கும் இடம் ஆகியவையே காரணம். அவ்வேறுபாடு விதைவழி இறங்குவதன்று. ஆகவே, தரங்குறைந்த செடியின் மிக நல்ல பழமும் தரங்குறைந்த செடியின் விதையையே தரும். மேலும், தக்காளிப் பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையது. எனவே, பண்பு நிலைத்த ஒரு செடியைத் தெரிந்தெடுத்தால் அதன் வழித்தோன்றல்கள் தாயை ஒத்தே அமையும். பரம்பரை பற்றிய மெண்டலின் ஆய்வு 1866 இல் அச்சேறியும், உலகம் அதனை உணர்ந்தது 1900 ஆம் ஆண்டிலேயே. லிவிங்ஸ்டனோ 1898 இல் மறைந்துவிட்டார். நூல் சொல்லாததை அவர் தம் கண்ணாற் கண்டறிந்தார்.

இப்பாடம் பின்னர் எப்போதும் போற்றப்பட்டது என்று கூறுதற்கில்லை. பழைய தக்காளிக் காய்களின் காம்புப் புறம் கரும்பச்சையாக இருக்கும். 1930 ஆம் ஆண்டளவில், காய் முழுதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கும் செடிகள் கிடைத்தன. சந்தைக்கு அவை உகந்தனவாயிருந்தமையால், அப்பண்பு எண்ணற்ற இனங்களிற் புகுத்தப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் ஆய்வாளர் உண்மையை வெளிப்படுத்தினர். அக்கரும்பச்சையை உண்டாக்கும் பரம்பரையலகே பழத்தில் இனிப்புச் சேர்வதற்கும் துணைபுரிவது. சீரான நிறத்தை விரும்பியோர், தம்மை அறியாமலே சுவையின் ஒரு பகுதியை இழந்திருந்தனர்.

1949 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிக் போய்’ போன்ற கலப்பினங்கள் மிகுந்த விளைச்சலைத் தந்தன. ஆனால், கலப்பினத்தின் விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போன்ற செடி வருவதில்லை; ஆண்டுதோறும் புதிய விதையை விலைக்கு வாங்கவேண்டும். நோய் தாங்கும் ஆற்றலும் விளைச்சலும் கருதிக் கலப்பினத்தை நாடுவது குற்றமன்று. எனினும், விதையைத் தம் வீட்டிலேயே பேண விரும்புவோர் நிலைத்த இனங்களையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இலங்கையில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போருக்குப் பெரும் பகையாவது மண்வழிப் பரவும் பற்றீரியா வாடல் நோய். காலையிற் பச்சையாக நின்ற செடி வெயிலேறத் துவண்டு, சில நாளிற் பட்டுப்போகும். இந்நோயைத் தாங்கும் இனமா என்பதை விதை வாங்கும்போதே கேட்டறிதல் நன்று. கத்தரியையும் மிளகாயையும் இந்நோய் தாக்குமாதலால், அவை நின்ற பாத்தியில் உடனே தக்காளி நடலாகாது.

பயிர் காய்க்கத் தொடங்கியதும், நோயின்றி நின்று, எல்லாக் கிளைகளிலும் ஒத்த பழம் தாங்கும் செடி எது என்று பார்த்து, அதில் ஒரு துணித்துண்டைக் கட்டி வைக்கலாம். அதன் பழம் நன்றாய்க் கனிந்தபின் விதையைச் சாற்றோடு பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்திச் சேமித்தல் வேண்டும். முதற் பழுத்த அழகிய பழம் கறிக்குப் போகட்டும்; விதைக்கு உரியது துணி கட்டிய செடி. பதினைந்து ஆண்டுத் தோல்வியின் பின் லிவிங்ஸ்டன் கற்ற இந்தப் பாடத்தை, இன்று தோட்டம் செய்வோர் முதற் பருவத்திலேயே கைக்கொள்ளலாம்.