கீழ்ப்படிதலும் மறுப்புரையும்: தத்துவ போதகர் வழக்கு

இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளுதல் அரசர்க்கு அரண் என்றார் வள்ளுவர். இடித்துரைப்பவனின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலைமைக்குக் கட்டுப்படுவதாக உறுதி பூண்ட ஒருவன், தலைமையின் முடிவு பிழையென்று தன் மனச்சான்று கூறும்போது என் செய்வான்? வாய்மூடிப் பணிந்தால் உண்மைக்குத் துரோகம். வெளியேறினால் உறுதிமொழிக்குத் துரோகம். கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகவே ஏற்கும் கத்தோலிக்கத் துறவியர்க்கு இவ்விக்கட்டு பலகாலும் நேர்ந்துள்ளது. அவற்றுள் ஒன்று நம் மதுரையில் தோன்றி, கோவா சென்று, உரோமாபுரியில் முடிந்தது.

இராபர்ட் தெ நொபிலியைத் தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராக நாம் அறிவோம். ‘தத்துவ போதகர்’ என்ற பெயரும், ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிருணயம்’ முதலிய நூல்களும் தமிழ் பயின்றோர்க்குப் புதியன அல்ல. அவர் பல்லாண்டுக் காலம் தம் சொந்தத் திருச்சபையினராலேயே குற்றஞ்சாட்டப்பட்டு நின்றவர் என்பதோ அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்தி.

1577இல் பிறந்த நொபிலி, இயேசு சபைத் துறவியாகி, 1605இல் கோவாவையும் 1606இல் மதுரையையும் அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் முதிய போர்த்துகீசிய அடிகளார் பத்தாண்டுகட்கு மேலாகப் பணியாற்றி வந்தார். மதுரைக்கு வந்துபோன பரதவர்க்கும் போர்த்துகீசியர்க்கும் அவர் ஞானத்தொண்டு செய்தார். ஆயினும் நகர மக்கள் எவரும் அவர் சமயத்தை நாடவில்லை. கிறித்தவம் ‘பறங்கி’யரின் மார்க்கமாகவே அவர்கட்குத் தோன்றியது.

நொபிலி வேறு வழியை மேற்கொண்டார். காவி உடுத்தார், ஊனை விலக்கி ஒருவேளை உண்டார், தனிக்குடிலில் வாழ்ந்தார், தமிழோடு தெலுங்கையும் வடமொழியையும் கற்றார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தொடரலாம் என்றார். இவை குலத்தையும் நிலையையும் காட்டும் சமுதாய வழக்கங்களேயன்றி, வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது அவர் கொள்கை.

1610இல் பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். அவரைப் பொறாமைக்காரர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. இவ்வழக்கங்கள் சமயத்தோடு பிரிக்க இயலாதவை என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதை மெய்ப்பிக்க, 1616இல் இந்து சமய வழக்கங்கள் குறித்துப் போர்த்துகீசிய மொழியில் விரிவான நூலே எழுதினார். மேலும், நொபிலியின் அடியார்கள் தம் கோயிலில் வழிபட வராமல் தனித்து நிற்பதைக் கண்டு, திருச்சபை ஒன்றுதானா இரண்டா என்ற வினாவையும் எழுப்பினார்.

மேலிடத்தின் கட்டுப்பாடுகள் நொபிலியின் மேல் இறங்கின. அவர் பணி ஏறக்குறைய முடங்கிற்று. உறவினரான கர்தினால் பெல்லார்மீனே அவரைக் கண்டித்து எழுதினார். இந்நிலையில் நொபிலி ஆற்றியது யாது? சபையை விட்டு விலகவில்லை. தடையை மறைவாக மீறவுமில்லை. அதே வேளையில் தம் கருத்து பிழையென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. இயேசு சபையின் விதிகள், ஓர் உறுப்பினர் இறைவேண்டலுக்குப் பின் தம் இடர்ப்பாட்டைத் தலைவர்க்கு எடுத்துரைக்க இடந்தருகின்றன. அவ்வாயிலை நொபிலி முழுமையாகப் பயன்படுத்தினார். 1610, 1613, 1619 ஆகிய ஆண்டுகளில் இலத்தீனில் நீண்ட மறுப்புரைகளை வரைந்தார். வடமொழி நூல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டினார். தொடக்ககாலத் திருச்சபை உரோமர், கிரேக்கர் வழக்கங்களை ஏற்றுக்கொண்ட முறையையும் எடுத்துக்காட்டினார். அரசு அலுவலகத்தில் கோப்பின்மீது தன் மாறுபட்ட கருத்தைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டு, ஆணை வரும்வரை வரம்பு மீறாது நிற்கும் ஊழியனை ஒத்தது அவர் செயல்.

திருத்தந்தை ஐந்தாம் பவுலின் ஆணைப்படி, 1619 பிப்ரவரியில் கோவாவில் ஆயர்களும் இறைநூல் அறிஞர்களும் அவை கூடினர். பேராயர் கிறிஸ்தோவாவோ தெ சா கடுமையாக எதிர்த்தார். பெரும்பான்மையோர் அவர் பக்கமே நின்றனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நொபிலியை ஆதரித்தார். சமய விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தாவும் ஆதரித்தார். தம் தலைமைப் பேராயர் வீற்றிருந்த அவையில் மறுத்துப் பேசுதல் எளிதன்று. அவையில் தோற்ற வழக்கு ஏடுகளாக உரோம் சென்றது. நொபிலியின் விளக்கங்களைப் படித்த பெல்லார்மீன் மனம் மாறினார். 1623 சனவரி 31ஆம் நாள், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத வகையில் அவ்வழக்கங்களை இசைந்து ஆணை பிறப்பித்தார்.

வென்றவர் கூற்று முழுவதும் சரியென்றும், தோற்றவர் கூற்று முழுவதும் தவறென்றும் வரலாறு தீர்ப்பளிப்பதில்லை. உயர்குலத்தோர் தாழ்ந்தோரை, அதிலும் கோயிலில், இகழலாகாது என்று அவ்வாணையே அறிவுறுத்திற்று. ஆயினும் குலப்பிரிவினை திருச்சபைக்குள் தொடர்ந்தது. பின்னர் 1640 அளவில், பிற குலத்தோர்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிவகைக் குருக்கள் ஏற்பட்டனர். பெர்னாண்டஸ் எழுப்பிய ‘ஒன்றா இரண்டா’ என்ற வினா சாகவில்லை.

அவ்வினா மீண்டும் மேலெழுந்தது. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் பல வழக்கங்களைத் தடைசெய்தார். இயேசு சபையினர் மேல்முறையீடு செய்தனர். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை வெளியிட்டு, மறைபரப்பாளர் அனைவரும் அதற்குக் கட்டுப்படுவதாக ஆணையிட்டு உறுதி கூறுமாறு பணித்தார். அவ்வுறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது. ஒரு மதுரைக் குடிலில் எழுந்த கருத்து வேற்றுமை மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தது.

நொபிலி 1656இல், கண்ணொளி மங்கிய நிலையில், மயிலாப்பூரில் காலமானார். அவரும் பெர்னாண்டஸும் ஒரே சபையினர். ஒரே வார்த்தைப்பாட்டை ஏற்றவர்கள். இருவரும் தம் உள்ளத்திற் பட்டதை மறைக்காது எழுத்தில் வைத்தனர். அதனாலேயே தலைமை இரு பக்கத்தையும் ஆராய்ந்து முடிவு காண இயன்றது. அன்று எவரேனும் பணிவின் பெயரால் மௌனம் காத்திருப்பின், தவறான அமைதியே விளைந்திருக்கும். மொழியும் வழக்கமும் வேறாகிய ஊர்களிற் குடியேறி, எதைக் காப்பது, எதை விடுவது என்று நாள்தோறும் தம் இல்லங்களில் வாதிடும் நம்மவர்க்கு, அவ்வாதம் நன்றியின்மை அன்று, பற்றின் ஒரு வடிவமே என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.