நாய், பூனைகளில் படர்தாமரை: வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகம். அப்போது நாய், பூனைகளுக்கு முடி கொட்டினால் 'சொறி' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அது படர்தாமரையாகவும் இருக்கலாம். சொறி நுண்ணிய பூச்சிகளால் வருவது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. எனவே சொறிக்குப் போடும் ஊசி இதற்குப் பயன் தராது.

காரணம்

மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையே முக்கியக் காரணம். மண்ணைத் தோண்டும் நாய்களுக்கு மண்ணில் வாழும் பூஞ்சையாலும், எலி பிடிப்பவற்றுக்கு எலிகள் மூலமும் தொற்றலாம். குட்டிகளும் நீண்ட முடியுள்ள பெர்சியன் பூனைகளும் எளிதில் பாதிக்கப்படும்.

அறிகுறிகள்

* முகம், காது, கால்களில் வட்ட வட்டமாக முடி உதிரும்.
* அந்த இடத்தில் செதில் உதிரும், ஓரம் சிவந்திருக்கும்.
* பெரும்பாலும் அரிப்பு குறைவு. சொறியில் அரிப்பு கடுமையாக இருக்கும்.
* சில பூனைகள் அறிகுறியே இல்லாமல் நோயைப் பரப்பும்.

சிகிச்சை

கால்நடை மருத்துவர் முடியையும் செதிலையும் பரிசோதித்து நோயை உறுதி செய்வார். மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவால் வாரம் இருமுறை குளிப்பாட்டலாம். நுரையை 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவவும். மாத்திரை தேவையா, எந்த அளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குணமாகப் பல வாரங்கள் ஆகும். முடி முளைத்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மண்ணெண்ணெய், கழிவு ஆயில், பினாயில் தடவவே கூடாது. உடலை நக்கும்போது அவை வயிற்றுக்குள் போகும். பூனைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

தடுப்பு முறைகள்

* உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கும். படுக்கைச் சாக்கை மாற்றுங்கள். முடியைக் கூட்டி அப்புறப்படுத்திய பின் தரையைச் சோப்பு நீரால் கழுவி, பிளீச்சிங் கரைசல் தெளியுங்கள்.
* நோயுற்றதைத் தனியே வையுங்கள். தொட்டபின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.
* கன்றுகளின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு இருந்தால், அதுவும் படர்தாமரையாக இருக்கலாம்.

குழந்தைகளிடம் கவனம்

குழந்தையின் கை, கழுத்தில் வட்டமாகச் சிவந்து அரித்தால், மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்குவதுபோல் தெரியும். பின்னர் இன்னும் அதிகமாகப் படரும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நாய், பூனை இருப்பதையும் சொல்லுங்கள். குழந்தைக்கும் செல்லப்பிராணிக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை அளித்தால்தான் நோய் திரும்பத் திரும்ப வராது.