நாணயத்தை ஈடாக வைத்தவர்கள்

இலங்கையின் கூட்டுறவு வரலாறு என்றதும் நம்மவர்க்கு இரண்டாம் உலகப் போர்க்காலச் சங்கக்கடையே நினைவுக்கு வரும். அதன் வேரோ கண்டிக்குக் கிழக்கேயுள்ள தும்பறையில் இருக்கிறது. நாட்டின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் அங்கு 1906இல் உருவாயிற்று. அதற்கான சட்டம் வந்தது 1911இல்தான்.

சிறு விவசாயிக்கு விதைப்புக் காலத்தில் பணம் வேண்டும். கையில் பணம் சேர்வதோ அறுவடைக்குப் பின்புதான். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரன் வாழ்ந்தான். ஜெர்மனியில் ராய்பைசன் 1860களில் இதற்கொரு வழி கண்டார். ஓர் ஊரார் சிறுகச் சிறுகச் சேமித்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்து, ஒருவர் தவறினால் அனைவரும் பொறுப்பேற்பது அவருடைய முறை. ஈடு நிலமன்று, அயலவர் அறிந்த நேர்மை. தமிழில் இதனை 'ஐக்கிய நாணய சங்கம்' என்றனர். பணத்துக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் வாய்த்த மொழியில் இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

1930இல் கூட்டுறவுக்கெனத் தனித் திணைக்களம் அமையும்வரை இச்சங்கங்கள் விவசாயத் திணைக்களத்தின் கண்காணிப்பிலேயே இருந்தன. கடனும் பயிர்க்கல்வியும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தமை கவனத்துக்குரியது. எப்படிப் பயிரிடுவது என்று அறியாதவனுக்குக் கொடுக்கும் கடன் சுமையாகவே முடியும்.

ஆயினும் இவ்வரலாற்றில் என்னை உறுத்தும் பக்கமொன்றுண்டு. அதே மலைகளில் தோட்டங்களில் உழைத்த தமிழரையும் கடனே கட்டிப்போட்டிருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. பள்ளத்தாக்கில் கடன் விவசாயியைத் தூக்கி நிறுத்த முயன்ற அதே ஆண்டுகளில், மேட்டில் அது விலங்காகக் கிடந்தது. கடன் கொடுப்பவனைத் தட்டிக்கேட்கும் உரிமை வாங்குபவனுக்கு இருந்ததா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நலிந்துபோயிருந்த கடன் சங்கங்களுக்கு 1978 முதல் கிரிவந்தெனிய 'சணச' இயக்கத்தின் வழியே மறுவாழ்வு தந்தார். இன்று லயத்தருகே மரக்கறி பயிரிடும் மலையகக் குடும்பங்களுக்கு உதவ விரும்பும் புலம்பெயர்ந்த அன்பர்கள் தும்பறையை நினைவிற்கொள்வது நல்லது. அனுப்பும் பணம் நன்கொடையாகக் கரைந்துவிடாமல், அம்மக்களே கணக்கெழுதி ஆளும் சங்கத்தின் முதலாக வேண்டும். மலையகத் தமிழனின் நாணயத்துக்கு இந்த நாடு இன்னும் உரிய மதிப்பளிக்கவில்லை. அக்குறையை நாமாவது தீர்க்கத் தொடங்கலாம்.